ஷ்வெய்க் முட்டாளா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செக் எழுத்தாளர் யாரோஸ்லாவ் ஹஷெக்கின் 'நல்ல படைவீரன் ஷ்வெய்க்' நாவலை ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கி, பாதியில் நிற்கிறேன். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் ஷ்வெய்க் உண்மையிலேயே புத்தி மட்டானவனா, அப்படி நடிக்கிறவனா என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை. அது தெரியாமல் அவனோடு எப்படி ஒட்டுவது? போர் எதிர்ப்பு நாவல் என்கிறார்கள். இவ்வளவு பக்கங்கள் கடந்தும் போர்க்களம் கண்ணில் படவில்லை. எதைக் கேட்டாலும் "எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார்" என்று அவன் தொடங்கும் கிளைக்கதைகள் வேறு சலிப்பூட்டுகின்றன. முழுவதும் படித்தே ஆக வேண்டுமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் முதல் கேள்வியை உங்களுக்கு முன்பே நாவலுக்குள் பலர் கேட்டுவிட்டார்கள். காவல்துறை கேட்கிறது, நீதிமன்றம் கேட்கிறது, ராணுவ மருத்துவர்கள் கேட்கிறார்கள், அவனை ஆர்டர்லியாக வைத்துக்கொண்டு அல்லல்படும் லெப்டினன்ட் லுகாஷ் அநேகமாக ஒவ்வொரு நாளும் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்கிறார். அவர்கள் கண்டுபிடிக்கும் விடைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஹஷெக் எங்கே அடிக்கிறார் என்பது தெரியும்.

சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் கொல்லப்பட்டதைப் (முதல் உலகப்போருக்கு வித்திட்ட கொலை) பற்றி மதுக்கடையில் பேசியதற்காகக் கைதாகும் ஷ்வெய்க், மூன்று மருத்துவர்கள் கொண்ட குழுவின் முன் நிறுத்தப்படும் காட்சியைத் திரும்பப் படியுங்கள். ரேடியம் ஈயத்தைவிடக் கனமானதா என்று கேட்கிறார்கள். நான் நிறுத்துப் பார்த்ததில்லை என்கிறான். உலகம் அழியும் என்பதை நம்புகிறாயா என்கிறார்கள். முதலில் அதைப் பார்த்தாக வேண்டும் என்கிறான். 12,897ஐ 13,863ஆல் பெருக்கினால் எவ்வளவு என்றதற்கு, கண் இமைக்காமல் 729 என்கிறான். ஆனால் அவன் பிறவி மூடன் என்று குழு ஒருமனதாகச் சான்றளிப்பதற்கு இந்த விடைகள் ஆதாரமாகவில்லை. அறைக்குள் நுழைந்ததும் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்து "நம் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் வாழ்க!" என்று அவன் கூவியதையே அறிக்கை எடுத்துக்காட்டுகிறது. அரசரை ஒருவன் மனதார வாழ்த்துவானேயானால் அவனுக்கு மூளை சரியில்லை என்பதே அரசாங்க மருத்துவர்களின் கருத்து.

சில அத்தியாயங்கள் கழித்துப் போருக்கு அழைப்பு வருகிறது. மூட்டுவலியால் நடக்க முடியாத ஷ்வெய்க், வேலைக்கார அம்மாள் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ள, ஊன்றுகோலை ஆட்டியபடி எதிரி நாடான செர்பியாவின் தலைநகரைச் சொல்லி "பெல்கிரேடுக்கு!" என்று முழங்கிக்கொண்டு பிராக் நகரத் தெருக்களில் போகிறான். இப்போது அவன் மூடனல்லன். நோய் நடித்துத் தப்பிக்கப் பார்க்கும் ஏமாற்றுக்காரன். பட்டினி, கொய்னா, நாளுக்கு இருமுறை வயிறு கழுவுதல், சோப்புநீர் எனிமா, குளிர்ந்த ஈரத்துணியில் சுற்றிப் போடுதல் என்று சிகிச்சை நடக்கிறது. பாவுட்சே என்ற ராணுவ மருத்துவர் 11,000 பேரைச் சோதித்து அவர்களில் 10,999 பேர் ஏமாற்றுக்காரர்கள் என்று கண்டுபிடித்தவர். மிச்சமிருந்த ஒருவரையும் விட்டிருக்க மாட்டார்; "திரும்பி நில்!" என்று இவர் அதட்டிய அதே கணத்தில் அந்த மனிதர் பக்கவாதம் தாக்கி இறந்து தப்பித்துக்கொண்டார்.

ஆக, ஒரே விசுவாசம் முதல் முறை மூடத்தனமாகவும் மறுமுறை சூழ்ச்சியாகவும் பதிவாகிறது. அவன் யார் என்று தீர்மானிக்கும் தேவை அவர்களுக்குத்தான் இருக்கிறது, ஏனென்றால் தீர்மானித்தால்தான் சிறையா, மருத்துவமனையா, போர்முனையா என்று அனுப்ப முடியும். ஹஷெக்கோ அவன் மனத்துக்குள் நம்மை ஏறத்தாழ விடுவதே இல்லை. களங்கமற்ற அந்த முகத்தை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நாம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அந்த மருத்துவர்களின் நான்காவது நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவோம் என்பது என் எண்ணம்.

என்னளவில் அவன் செய்வதெல்லாம் கீழ்ப்படிவதுதான். முரண்டு பிடிப்பவனைத் தண்டிக்கலாம், சொல்லுக்குச் சொல் கீழ்ப்படிபவனை என்ன செய்வது? படைப்பிரிவின் சங்கேதச் செய்திகளுக்குத் திறவுகோலாக ஒரு ஜெர்மன் நாவலின் இரண்டாம் பாகம் அதிகாரிகளுக்காக வந்து சேர்கிறது. ஷ்வெய்க் முதல் பாகத்தை எடுத்து விநியோகித்துவிடுகிறான். எந்தக் கதையையும் முதல் பாகத்திலிருந்துதானே படிப்பார்கள் என்பது அவன் நியாயம். நம் மனுக்களில் உள்ள "பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்" என்ற தொடர்தான் அவன் பேச்சின் தொடக்கமும். அதை அவன் உச்சரித்தாலே லுகாஷுக்கு வியர்த்துவிடுகிறது.

கிளைக்கதைகளும் அப்படிப்பட்டவையே. மேலதிகாரி ஒரு கட்டளையைச் சொல்லி முடிப்பதற்குள், ஏதோ ஊரில் ஏதோ ஒரு கசாப்புக்காரருக்கு நேர்ந்ததை அவன் விரிக்கத் தொடங்குகிறான். கதை முடியும்போது கட்டளை எங்கே போயிற்று என்று சொன்னவருக்கே தெரிவதில்லை. எல்லாக் கதைகளும் சுவையானவை என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் பாகத்தில் லெப்டினன்ட் டூப் வரும் பகுதிகள் ஒரே இடத்தில் சுற்றுகின்றன. அங்கே சில பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனால் குற்றமில்லை.

போர்க்களம் எங்கே என்கிறீர்கள். கடைசிவரை வராது. ஹஷெக் 1915இல் 91ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்ந்து, அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ரஷ்யர்களிடம் சிறைப்பட்டவர். லுகாஷ் என்ற பெயரில் அவருக்கு ஓர் அதிகாரி உண்மையிலேயே இருந்தார். ஆறு பாகங்களாகத் திட்டமிட்ட நாவலின் நான்காம் பாகத்தைச் சொல்லச் சொல்ல எழுதவைத்துக்கொண்டிருந்தபோது, 1923 ஜனவரி 3 அன்று, 39 வயதில் இறந்துபோனார். (காஃப்காவும் அதே பிராகில் அதே 1883இல் பிறந்தவர் என்பதை நினைத்துக்கொள்வது எனக்கு ஒரு பழக்கம்.) கைக்கு வந்த பக்கங்களில் ரயில் ஹங்கேரி வழியாகப் போர்முனையை நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கிறது. ஓரிடத்தில் வீரர்களுக்கு ஆளுக்கு 150 கிராம் பாலாடைக்கட்டி தருவதாகப் பேச்சு. அதற்குப் பதிலாகக் கையில் வருவது ராணுவக் கல்லறைத் தோட்டம் ஒன்றின் படம் அச்சிட்ட அஞ்சலட்டை. இதற்குமேல் எந்தத் துப்பாக்கி வெடிக்க வேண்டும்?

பாதியில் நிற்பதாக எழுதியிருப்பதால், ஷ்வெய்க்கும் அவன் நண்பன் வோதிச்காவும் வெவ்வேறு படைப்பிரிவுகளுக்குப் பிரிந்துபோகும் இடம் உங்களுக்கு அருகில்தான் இருக்க வேண்டும். போர் முடிந்ததும் மாலை ஆறு மணிக்குப் பிராகின் 'கலிஹா' மதுக்கடையில் சந்திப்பதென்று பேசிக்கொள்கிறார்கள். தூரத்திலிருந்து வோதிச்கா அதை மறுபடி கத்தி நினைவூட்ட, எனக்குத் தாமதமாகலாம், ஆறரைக்கு வாயேன் என்கிறான் ஷ்வெய்க். ஆறு மணிக்கு உன்னால் வர முடியாதா என்று இன்னும் தொலைவிலிருந்து குரல் வருகிறது. சரி, ஆறு மணிக்கே வந்துவிடுகிறேன் என்கிறான். அதுவரையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.