தீனித்தட்டைச் சுற்றும் வைரி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கொல்லையில் உள்ள கொய்யா மரத்தில் மண்தட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கம்பும் கேழ்வரகும் வைத்துவருகிறோம். சிட்டுக்குருவிகளும் சில்லைகளும் கூட்டமாக வருகின்றன. சில நாள்களாகப் புறா அளவுள்ள பறவை ஒன்று பாய்ந்துவந்து குருவியைத் தூக்கிச் செல்கிறது. ஒரு நாள் அதன் மார்பில் குறுக்கு வரிகள் இருந்தன. மறுநாள் புள்ளிகளாகத் தெரிந்தன. என் மாமியார் அதைப் பருந்துக்குஞ்சு என்கிறார், பக்கத்து வீட்டார் வல்லூறு என்கிறார். எது சரி?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: பக்கத்து வீட்டார் சொல்வதே சரி. ஊர்ப்புறங்களில் பலர் வல்லூறு என்று சொல்லும் இப்பறவையைப் பறவை நோக்குவோர் வைரி என்று குறிப்பிடுகின்றனர். உங்கள் மாமியாருக்கு ஒரு செய்தி: பருந்துக்குஞ்சு ஏறக்குறைய தாயின் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் கூட்டை விட்டுப் பறக்கும். ஆகவே புறா அளவில் பறந்து திரியும் பருந்துக்குஞ்சு என்று ஒன்று இருக்க இயலாது. கரும்பருந்து ஏறத்தாழ 60 செ.மீ. நீளம் உடையது; வைரியோ 30 செ.மீ. அளவே இருக்கும்.

நீங்கள் கண்டவை பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு பறவைகள். வளர்ந்த வைரிக்கு முதுகு சாம்பல் நிறமாகவும், வெண்ணிற மார்பில் செம்பழுப்பு வரிகள் நெருக்கமாகக் குறுக்கே ஓடுவதாகவும் இருக்கும். இளம் வைரிக்கு முதுகு பழுப்பாகவும், மார்பில் நீர் சொட்டியதுபோல் மேலிருந்து கீழாக இறங்கும் புள்ளிகளாகவும் இருக்கும். தொண்டையின் நடுவே மெல்லிய கருங்கோடு ஒன்று தெரியும். கண்ணைக் காண முடிந்தால் மேலும் தெளிவு பிறக்கும்: ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் மஞ்சள். உருவத்தில் பெண்ணே பெரியது.

எனினும், நிறத்தைவிடப் பறக்கும் விதத்தையே நான் அதிகம் நம்புவேன். பருந்து வானில் வட்டமிட்டு, இறைச்சிக் கடைக் கழிவுக்கு இறங்கும். வைரி பெரும்பாலும் இலை மறைவில் அசையாமல் அமர்ந்திருந்து, குட்டையான சிறகுகளைச் சிலமுறை வேகமாக அடித்துச் சற்றே மிதந்து, தாழ்வாகப் பாயும். நீண்ட வால் மரக்கிளைகளிடையே சட்டெனத் திரும்ப உதவுகிறது. ஓணானும் அணிலும் தட்டான்களும்கூட அதற்கு இரைதான். மரத்தடியில் பிய்த்தெறியப்பட்ட இறகுகள் சிதறிக் கிடந்தால், மேலே உள்ள கிளையில் அமர்ந்து அது இரையைத் தின்றிருக்கக்கூடும்.

ஏமாற்றக்கூடிய பறவை ஒன்றும் உண்டு. அக்காக்குயில் நிறத்திலும் பறப்பிலும் வைரியை அப்படியே ஒத்திருப்பதால், சிறு பறவைகளே கலவரமடைகின்றன. கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் கோடையில் இடைவிடாமல் மேலேறிக்கொண்டே போகும் அந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். அதன் அலகு கொக்கிபோல் வளைந்திராது, கால்களில் கூரிய வேட்டை நகங்களும் இல்லை; கம்பளிப்புழுக்களே அதன் முக்கிய உணவு. குருவியைத் தூக்கிச் சென்றது என்று நீங்கள் எழுதியுள்ளதால், இங்கே அந்த ஐயத்துக்கு இடமில்லை.

கேள்வி: எங்கள் வயலுக்கு மேல் வெண்ணிறப் பறவை ஒன்று ஒரே இடத்தில் சிறகடித்தபடி நிற்கிறது. வீட்டருகே தீனி தின்ன வரும் குருவிகளுக்கு அதனால் ஆபத்து உண்டா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: தோளில் கருந்திட்டு இருந்தால் அது கருந்தோள் பருந்து. வயல் எலிகளும் வெட்டுக்கிளிகளுமே அதன் முதன்மை இரை. உங்கள் தட்டுக்கு அது வருவது அரிது. விவசாயிக்கு நன்மை செய்யும் பறவை என்பதால் அதை விரட்டாதீர்கள்.

கேள்வி: குடியிருப்பின் மாடத்தில் தானியம் வைக்கிறேன். வைரியைக் கல்லெறிந்து விரட்டலாமா, தட்டையே எடுத்துவிடலாமா? அதன் குரலைக் கேட்டாவது முன்கூட்டியே அறிய முடியுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கல்லெறிவது கூடாது. வைரி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை. அதைப் பிடிப்பதும் காயப்படுத்துவதும் குற்றம். ஓரிரு வாரம் தானியம் வைப்பதை நிறுத்தினால் குருவிகள் கலைந்துபோகும், வைரியும் வேறிடம் தேடிக்கொள்ளும். பிறகு தொடங்கும்போது தட்டைத் திறந்த வெளியில் தொங்கவிடாமல், காகிதப்பூ போன்ற முள்ளும் அடர்த்தியும் உள்ள செடிக்கு இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் வையுங்கள். குருவிகள் உள்ளே புகுந்துகொண்டால் வைரியால் எளிதில் பின்தொடர முடியாது.

‘கி-கீ’ என்னும் இரட்டைக் கூவல் வைரியுடையது. ஆனால் கரிச்சானும் அதைப் போலவே கத்தும் என்பதால் குரலை மட்டும் நம்ப வேண்டாம். சளசளத்துக்கொண்டிருந்த தவிட்டுக்குருவிகள் எச்சரிக்கைக் குரல் எழுப்பிப் புதருக்குள் பாய்வதும், காகங்கள் ஒரே மரத்தை நோக்கிக் கரைவதும் இதைவிட நம்பகமான அறிகுறிகள்.

மாடத்தில் கண்ணாடிக் கதவு இருந்தால் அதன் வெளிப்புறத்தில் காகிதப் பட்டைகளை ஐந்து செ.மீ. இடைவெளியில் ஒட்டிவையுங்கள். வைரிக்கு அஞ்சிப் பறக்கும் குருவி, கண்ணாடியில் தெரியும் வானத்தை நிஜமென்று எண்ணி மோதி இறப்பதும் உண்டு.