குடேரியன் கட்டுரை: நினைவுக்குறிப்பு மட்டும் போதுமா?

இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் தளபதி குடேரியனின் 1951 நினைவுக்குறிப்பை மட்டும் வைத்து, 'ஜெர்மன் டாங்கிப் படையை உருவாக்கியவர் அவர் ஒருவரே' என்று எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவருடைய மேலதிகாரி ஓஸ்வால்ட் லுட்ஸின் பங்கைக் கட்டாயம் சேருங்கள். 1935-ல் டாங்கிப் படை ஜெனரல் பதவியை முதலில் பெற்றவர் லுட்ஸ்தான். ஆங்கிலப் பதிப்பில் இன்னும் கவனம் தேவை: பிரிட்டிஷ் போர்க்கலை எழுத்தாளர் லிடல் ஹார்ட்டைப் புகழும் ஒரு பத்தி அதில் உண்டு, ஜெர்மன் மூலத்தில் கிடையாது. லிடல் ஹார்ட்டே கேட்டு வாங்கியது!

குடேரியனின் உண்மையான பங்கு ரேடியோவில் இருக்கிறது. முதல் உலகப்போரில் தகவல் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவர். டாங்கிகளுக்குள் ரேடியோ வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். எதிரில் பல பிரெஞ்சு டாங்கிகளில் அது இல்லவே இல்லை. 1940 மே 13-ல் பிரான்சின் செடானில் மியூஸ் ஆற்றைக் கடந்த அவர் படை 20-ம் தேதி கடலை எட்டிவிட்டது. இடையில் மேலிடம் நிற்கச் சொன்னபோது, 'உளவு பார்க்கிறேன்' என்று அனுமதி வாங்கி முன்னேறினார். தன் உத்தரவுகளைத் தன் தரப்பே ஒட்டுக்கேட்காமலிருக்க ரேடியோவை விட்டுத் தொலைபேசிக் கம்பி இழுத்தாராம். கெட்டிக்காரர்தான்.

அப்புறம், ஹிட்லர் அவருக்கு ஆக்கிரமிப்புப் போலந்தில் கொடுத்த பண்ணையையும், ஹிட்லரைக் கொல்ல நடந்த 1944 சதிக்குப் பிறகு அதிகாரிகளை ராணுவத்திலிருந்து விலக்கிய 'கௌரவ மன்றத்தில்' அவர் உட்கார்ந்ததையும் விட்டுவிடாதீர்கள்.