இந்த வாரம் எதை வாசிக்கலாம்? காமிக்ஸ் கேள்வி பதில்

ஹட்டன், பதுளை, நுவரெலியா பக்கத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. முப்பது வருடமாகக் காமிக்ஸ் சேர்க்கிறேன், ஹட்டனில்தான் இருக்கிறேன். புத்தகத்தைப் பற்றிக் கேளுங்கள். சினிமாவைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

மஸ்கெலியா, தரம் 10 மாணவர்: அண்ணன், இந்த வாரம் வந்த மங்காவில் (ஜப்பானியக் காமிக்ஸ்) எதை வாசிக்கலாம்? காசில்லாமல் வாசிக்க வழி இருக்கா?

இருக்கு தம்பி. திருட்டு ஸ்கேன் பக்கம் போகவே வேண்டாம். ஜப்பானின் சுயேஷா பதிப்பகமே 2019இல் ‘மங்கா பிளஸ்’ என்ற செயலியைத் தொடங்கியது. தொடர்களின் முதல் மூன்று அத்தியாயங்களும் கடைசி மூன்று அத்தியாயங்களும் அதில் ஆங்கிலத்தில் இலவசம். ‘வன் பீஸ்’ மாதிரி வாராந்தரத் தொடர்களுக்குப் புது அத்தியாயம் ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும்போது வரும். நமக்கு அது ஞாயிறு இரவு எட்டரை மணி.

ஆனால் ‘வன் பீஸ்’ 1997இல் தொடங்கி ஆயிரம் அத்தியாயங்களைத் தாண்டிய கதை. இந்த ஞாயிறு அதற்குள் நுழைந்தால் யார் யார் என்றே பிடிபடாது. எந்தத் தொடரையும் நடுவில் தொடங்காதீர்கள், இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். உங்களுக்கு ‘ஸ்பை ஃபேமிலி’ சரியாக இருக்கும். அப்பா உளவாளி, அம்மா கொலைகாரி, தத்தெடுத்த பிள்ளைக்கு மற்றவர் மனதை வாசிக்கத் தெரியும். மூவரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிறார்கள். முதல் மூன்று அத்தியாயங்களை வாசித்தாலே பிடித்துக்கொள்ளும். கட்டங்களை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும், மறக்காதீர்கள்.

கொட்டகலை, ஆசிரியை: ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு வகுப்பில் வைக்கக்கூடியது ஒன்று சொல்லுங்கள்.

‘லக்கி லுக்’ என்ற கௌபாய் சிரிப்புக் கதை, டீச்சர். சிவகாசி லயன் காமிக்ஸ் தமிழில் தருகிறது. ஒவ்வொரு ஆல்பமும் தனிக்கதை, அதனால் எதை முதலில் எடுத்தாலும் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது. பழைய கதைகளில் லக்கி லுக் வாயில் சிகரெட் இருக்கும். ஓவியர் மோரிஸ் 1983இல் அதை எடுத்துவிட்டு ஒரு வைக்கோல் துரும்பை வைத்தார், அதற்காக 1988இல் உலக சுகாதார நிறுவனம் அவரைக் கௌரவித்தது. வகுப்பில் வைக்குமுன் வாயில் எது இருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதுளை, ஓய்வுபெற்ற வாசகர், வயது 64: மாயாவி மறுபடி வருகிறாராமே?

எந்த மாயாவி, ஐயா? பலர் இதில் தடுமாறுகிறார்கள். ராணி காமிக்ஸில் வந்த முகமூடி வீரர் மாயாவி, அமெரிக்கரான லீ ஃபாக் 1936இல் உருவாக்கியவர். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு ஆள். 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்தவர். உங்கள் வயதைப் பார்த்தால் இரும்புக்கையைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முத்து அந்தக் கதைகளை மறுபதிப்பாகவும் கொண்டுவந்திருக்கிறது. ஆங்கிலம் வாசிப்பீர்கள் என்றால், ரிபெல்லியன் பதிப்பகம் 2021இல் தொடக்கக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டது. அதை வாசித்தால் அதிர்ந்துபோவீர்கள். நாம் நாயகனாகக் கொண்டாடிய மனிதர் ஆரம்பத்தில் நல்லவரே இல்லை. ஆய்வுகூட விபத்தில் கையை இழந்து, மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை தவிர உடம்பு மறையும் என்று கண்டுபிடித்ததும் அவர் முதலில் போனது குற்றத்தின் பக்கம். இந்த வாரம் எனக்கு ஒன்றே ஒன்றுதான் வாசிக்கக் கிடைக்கும் என்றால் நான் அதைத்தான் மறுபடி எடுப்பேன்.

நுவரெலியா, வாசகர்: எல்லாம் கறுப்பு வெள்ளையாகவே சொல்கிறீர்கள். இந்தக் காலத்தில் யார் அதை வாங்குவார்? வண்ணம் போடக் காசில்லாததால்தானே அப்படி அச்சிட்டார்கள்?

காசு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஓவியர் எதை மனதில் வைத்து வரைந்தார் என்று பாருங்கள். இரும்புக்கையை வரைந்த ஸ்பானியர் ஹெசூஸ் பிளாஸ்கோ நிழலை வைத்தே கதை சொன்னவர். இருட்டு அறை, அந்தரத்தில் ஒரு கை மட்டும். அதில் நீலமும் பச்சையும் பூசினால் கை தெரியும், பயம் போய்விடும்.

பதுளை ஐயா மறுபடி: சரியாகச் சொன்னீர்கள். அந்தக் கையைப் பார்த்துப் பயந்து விளக்கை அணைக்காமல் தூங்கியிருக்கிறேன்.

தலவாக்கலை, வாசகி: நான் நுவரெலியாக்காரர் பக்கம். ‘இரத்தப் படல’த்தைக் கறுப்பு வெள்ளைத் தொகுப்பில் வாசித்தபோது பாதி முகங்கள் ஒரே மாதிரி இருந்தன. பிறகு வண்ணப் பதிப்பு பார்த்தேன், கதையே அப்போதுதான் புரிந்தது.

தங்கச்சி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். அது பெல்ஜியத்தில் வண்ணத்துக்கென்றே வரைந்த கதை. நிறத்தை உருவினால் படத்தில் பாதி போய்விடும். டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் தொடர் அதற்கு நேர்மாறு. 1948 முதல் இத்தாலியில் அந்தத் தொடர் கறுப்பு வெள்ளைதான். மாத இதழில் 100, 200, 300 மாதிரிச் சிறப்பு இதழ்களுக்குத்தான் வண்ணம். மங்காவும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, அதைப் பழசு என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. ஆகவே வண்ணமா இல்லையா என்று கேட்டு வாங்காதீர்கள், மூலத்தில் எப்படி வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

நுவரெலியா வாசகர்: அப்படியானாலும் வண்ணப் புத்தகம்தான் நாள்பட நிற்கும்.

நம் ஊரில் நிற்காது! மே முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கம் மழை ஓயாது. வழவழப்பான ஆர்ட் தாள் ஈரம் பட்டுக் காய்ந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். மலிவுத் தாள் மஞ்சளாகும், ஆனால் ஒட்டாது. என் பெட்டியில் முதலில் போனவை வண்ணப் புத்தகங்கள்தான்.

பண்டாரவளை, வாசகர்: பேட்மேனில் புதிதாக ஒன்று?

‘அப்சொலூட் பேட்மேன்’. 2024 ஒக்டோபரில் தொடங்கியது, எழுத்து ஸ்கொட் ஸ்னைடர், படம் நிக் டிரகோட்டா. இதில் புரூஸ் வெய்னுக்கு மாளிகையும் இல்லை, சொத்தும் இல்லை. உழைக்கும் வீட்டுப் பிள்ளை, படித்து எஞ்சினியர் ஆனவன். பணத்தை எடுத்துவிட்டால் பேட்மேனிடம் என்ன மிஞ்சும் என்பதுதான் கதை. எண்பது வருடப் பழைய பாத்திரத்தில் இப்படி ஒரு கேள்வி மிச்சம் இருந்ததே என்று வியந்துபோனேன். மாதந்தோறும் வரும் தனி இதழ்களைத் துரத்தாமல் முதல் தொகுப்பை எடுங்கள். வன்முறை அதிகம், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

வட்டவளை, வாசகர்: இந்த வாரம் என்ன புதுசு?

மேலே இருக்கிறது.

கினிகத்தேனை, வாசகர்: புதுசா வந்ததில் நல்லதா ஒன்று சொல்லுங்க.

மேலே. எல்லாப் பதிலையும் வாசித்துவிட்டுக் கேளுங்கள், தயவுசெய்து.

ராகலை, வாசகர்: ஒரு தொடரின் இரண்டாம் பாகம் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கவா?

வேண்டாம். அப்படி ஒன்றை வாங்கி, முதல் பாகத்துக்காகப் பதினொரு மாதம் அலைந்தவன் நான்.

கண்டி, பல்கலைக்கழக மாணவி: நம் நாட்டைப் பற்றி, பெரியவர்கள் வாசிக்கும்படி?

‘வன்னி’, 2019. கிளிநொச்சியில் ஐ.நா. பணியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதினார், லிண்ட்சே பொலக் வரைந்தார். ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு குடும்பம் கடைசிப் போருக்குள் நடந்துபோகும் கதை. ஒரே இரவில் வாசிக்காதீர்கள், தாங்காது.

நோர்வூட், தரம் 5 மாணவி: லயன் காமிக்ஸ் என்றால் எங்கள் லயத்துக் கதையா?

இல்லை மகள், தோட்டத்து லயன் வீடு இல்லை, அது சிங்கம். 1984இல் தொடங்கியபோது வைத்த பேர். ஆனால் நீங்கள் கேட்டது என்னை யோசிக்க வைத்துவிட்டது. ஒரு கொப்பித் தாளை ஆறு கட்டமாகப் பிரியுங்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகும் அம்மா, பீலியில் தண்ணீர் பிடிக்க நிற்கிறவர்கள், பனிமூட்டத்தில் பள்ளிக்கூடம் போகும் நீங்கள், இப்படி ஒரு நாளை வரைந்து அனுப்புங்கள். நிறம் வேண்டாம், பென்சில் போதும். அடுத்த வாரம் அதைத்தான் முதலில் வாசிப்பேன்.

பொகவந்தலாவை, வாசகர்: கூரை ஒழுகிப் பெட்டியோடு நனைந்துவிட்டது. காப்பாற்றலாமா?

உடனே செய்தால் முடியும். ஆர்ட் தாள் புத்தகங்களை முதலில் எடுங்கள். ஈரமாக இருக்கும்போதே பக்கங்களைப் பிரித்து, இடையிடையே அச்சில்லாத வெள்ளைத் தாள் வையுங்கள். பத்திரிகைத் தாள் வைத்தால் மை ஏறும். நேர் வெயிலும் அடுப்புச் சூடும் வேண்டாம், விசிறிக் காற்று போதும். வைத்த தாள் நனைந்ததும் மாற்றுங்கள். பங்கசு பிடித்ததை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். முழுதாகக் காயாமல் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டவே கட்டாதீர்கள்.