ஊருக்குப் பூ அனுப்பணுமா, செடி அனுப்பணுமா: சங்கரன்கோவில் பூக்கடையிலிருந்து பதில்கள்

சங்கரன்கோவிலில் பூக்கடையும், அதை ஒட்டி ஒரு சின்ன நர்சரியும் நடத்துகிறேன். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் உள்ள அம்மா அப்பாவுக்கு, அக்கா வீட்டுக்கு, வாத்தியாருக்கு என்று பூவும் செடியும் அனுப்பக் கேட்டபடியே இருக்கிறார்கள். வந்த கேள்விகளில் எல்லோருக்கும் பயன்படுபவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எங்கள் தென்காசிப் பக்கத்தை வைத்துத்தான் சொல்கிறேன். மண்ணும் தண்ணீரும் உங்கள் ஊரில் வேறாக இருந்தால் செடி விஷயத்தை மட்டும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (சென்னை): அக்கா, அம்மா அப்பாவுக்கு அடுத்த மாதம் அறுபதாம் கல்யாணம். சங்கரன்கோவிலிலிருந்து உள்ளே போகும் கிராமம். பொக்கே விற்கும் ஆப்களில் எங்கள் பின்கோடைப் போட்டால் டெலிவரி இல்லை என்றே வருகிறது. கோயம்பேட்டில் மாலை வாங்கி ராத்திரி ஆம்னி பஸ்ஸில் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. பெட்டி வந்து சேரும், பூ சேராது. கோயம்பேட்டுக்கு மல்லியே நிலக்கோட்டை, திண்டுக்கல் என்று தெற்கேயிருந்துதான் போகிறது. அதைக் காலையில் வாங்கி, ராத்திரி 600 கிலோமீட்டர் திருப்பி அனுப்பினால் என்ன மிஞ்சும்? மல்லி மொட்டை விடியுமுன் பறிப்பார்கள். அன்று சாயங்காலம் அது மலரும், அந்த ராத்திரிதான் வாசம் உச்சம். மறுநாள் பழுக்க ஆரம்பித்துவிடும். நீங்கள் அனுப்பும் பூ தன் நல்ல நேரத்தை பஸ் டிக்கியில் கழித்துவிட்டு வரும்.

எங்கள் ஊரைச் சுற்றி மல்லியும் பிச்சியும் தோட்டத்திலேயே இருக்கிறது. காலையில் மார்க்கெட்டில் ஏலம் போய், கேரளா வரைக்கும் போகிறது. ஆகவே பணத்தையும் யோசனையையும் மட்டும் அனுப்புங்கள், பூ இங்கேயே வாங்கப்படட்டும். எந்தக் கடை என்று தெரியவில்லையா? உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த கல்யாணத்துக்கு மாலை கட்டியது யார் என்று அம்மாவிடமோ சித்தியிடமோ கேளுங்கள். அந்தக் கடைக்குப் போன் போடுங்கள். உங்கள் தெருவே அவருக்குத் தெரிந்திருக்கும், அதைவிட நல்ல டெலிவரி கிடையாது.

சொல்லும்போது விவரமாகச் சொல்லுங்கள். மாலை மாற்ற இரண்டு மாலை, அம்மாவுக்குத் தலைக்குப் பூ, வரும் பெண்களுக்குத் தட்டில் வைக்கக் கட்டின பூ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். முகூர்த்த நேரத்தைச் சொல்லுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வீட்டில் இருக்கணும் என்று சொல்லுங்கள். கிளம்புமுன் வாட்ஸ்அப்பில் போட்டோ கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆட்டோ வாடகையைத் தனியாகக் கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அறுபதாம் கல்யாணத்துக்கு ஆளுயர மாலை கேட்கிறார்கள். ஓமப்புகையில் மணிக்கணக்காக உட்காரப்போவது வயசானவர்கள், கழுத்து வலிக்கும். சம்பங்கி அடித்தளத்தில் ரோஜா வைத்து, கொஞ்சம் மெல்லிசாகக் கட்டச் சொல்லுங்கள். போட்டோவிலும் முகம் தெரியும்.

கேள்வி (துபாய்): போன சித்திரையில் அனுப்பியதைவிட இந்தத் தை மாதம் மல்லிக்குப் பல மடங்கு விலை சொன்னார்கள். வெளிநாட்டுக்காரன் என்று ஏற்றிச் சொல்கிறார்களோ?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். மல்லி வெயில் காலத்துப் பூ. பங்குனியில் ஆரம்பித்து ஆனி வரை கொட்டும், அப்போது விவசாயிக்குப் பறிகூலிகூடக் கட்டாத நாட்கள் உண்டு. கார்த்திகையில் செடியின் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிடுவார்கள். மார்கழிப் பனியில் மொட்டே வைக்காது. அதே நேரம் பொங்கல், அப்புறம் தை முகூர்த்தம் என்று எல்லோரும் பூ கேட்பார்கள். அந்த நாட்களில் கிலோ ஆயிரக்கணக்கில் போவது புதிதல்ல. ஓணத்தை ஒட்டி மலையாளத்துக்காரர்கள் வாங்கும்போதும், எங்கள் கோமதி அம்மன் ஆடித்தபசு நேரத்திலும் இதே கதைதான்.

அதனால் இத்தனை முழம் என்று சொல்லாமல், இவ்வளவு ரூபாய்க்கு என்று சொல்லிப் பாருங்கள். முழம் என்பதே கட்டும் கையைப் பொறுத்தது. நெருக்கிக் கட்டினால் ஒரு முழத்துக்கே நிறைய பூ ஏறும், தள்ளித் தள்ளிக் கட்டினால் அதே பூ இரண்டு முழம் வரும். குளிர் மாதத்தில் செவ்வந்தி வாங்குங்கள், அதுதான் அதன் பருவம். கனகாம்பரத்துக்கு வாசம் இல்லை, ஆனால் சீக்கிரம் வாடாது. கூட நாலு இணுக்கு மரிக்கொழுந்து சேர்த்துக் கட்டினால் அந்தக் குறையும் தெரியாது. மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து பலரும் பேர் சொல்லி 'மதுரை மல்லிதான் வேணும்' என்று கேட்கிறார்கள். அன்று காலையில் பறித்த உள்ளூர் மல்லி இருக்கும்போது பேருக்காகத் தேட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி (பெங்களூர்): தங்கை கல்லூரியில் முதலிடம் வாங்கியிருக்கிறாள். அவளுக்கு ரோஜா, ஜெர்பெரா எல்லாம் வைத்த பொக்கேதான் பிடிக்கும். சின்ன ஊரில் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நீளக் காம்பு ரோஜா எங்களுக்கு ஓசூர்ப் பக்கத்திலிருந்துதான் வருகிறது, கட்டுக்கு 20 பூ. கல்யாண ஆர்டரோடு சேர்ந்து வந்தால் புதுசாக இருக்கும். திடீரென்று கேட்டால் கடையில் மிச்சம் இருப்பதைத்தான் சுற்றித் தருவார்கள். மூன்று நாள் முன்னால் சொல்லி, அந்த வாரம் லோடு எப்போது வருகிறது என்று கேளுங்கள். நீங்களே ஊருக்கு வருவதாக இருந்தால் ரொம்பச் சுலபம். அங்கே வாங்கி, காம்பு நுனியில் ஈரப் பஞ்சு சுற்றி பாலித்தீன் கட்டி, பூவைப் பேப்பரில் மூடிக் கையிலேயே கொண்டு வாருங்கள். வந்ததும் காம்பைச் சாய்வாக வெட்டித் தண்ணீரில் வைக்கச் சொல்லுங்கள்.

பழக்கூடையும் பொக்கேயும் ஒரே பெட்டியில் வேண்டாம். பழுத்த வாழைப்பழம், ஆப்பிளிலிருந்து எத்திலீன் வாயு வரும், பூ சீக்கிரம் உதிரும்.

கேள்வி (சிங்கப்பூர்): பெரியப்பா தவறிவிட்டார். என்னால் உடனே வர முடியவில்லை. மலர் வளையம் அனுப்ப என்ன வழி?

பதில்: வருத்தமாக இருக்கிறது தம்பி. கேத வீட்டு விஷயத்தில் நேரம்தான் எல்லாம். முதலில் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் பக்கம் பெரும்பாலும் அன்றே எடுத்துவிடுவார்கள், வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டுமென்றால்தான் மறுநாள். ஆகவே யோசிக்காமல் உள்ளூர்க் கடைக்குச் சொல்லிவிடுங்கள். எடுக்கும் நேரத்தைச் சொன்னால் போதும், மற்ற வேலையை அப்படியே வைத்துவிட்டு இதைக் கட்டித் தருவார்கள். வளையம் என்றால் கொஞ்ச நேரம் ஆகும். நேரம் குறைவாக இருந்தால் ரோஜா மாலையே அனுப்புங்கள், மரியாதையில் ஒன்றும் குறைவில்லை.

மாலையைக் கடைப் பையனே கொண்டுபோய் வைத்தால் யார் அனுப்பியது என்று யாருக்கும் தெரியாது. உறவில் ஒருவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், அவர் உங்கள் பேரைச் சொல்லிப் போடட்டும். பணத்துக்கு இப்போது அலைய வேண்டாம். 2023 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூர் பேநவ்வும் நம் யூபிஐயும் இணைந்திருக்கிறது, உங்கள் வங்கி அதில் இருந்தால் உறவினர் கணக்குக்கே அனுப்பிவிடலாம். எடுத்த பிறகு அந்த வீட்டுக்குப் பூ அனுப்பாதீர்கள். பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் படத்துக்கு மாலை போடலாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அம்மாவுக்கு மல்லி என்றால் உயிர். பிறந்தநாளுக்கு அனுப்ப ஆசை, ஆனால் ஊர் என்ன சொல்லுமோ, அம்மா மனசு வருந்துமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மாவிடமே கேட்டுவிடுங்கள் தங்கச்சி. பூ வைத்துக்கொள்ளும் அம்மாக்களும் இப்போது இருக்கிறார்கள், வேண்டாம் என்று மனசார ஒதுக்கியவர்களும் இருக்கிறார்கள். ரெண்டுமே அவர்கள் முடிவு. தெரு முழுக்கப் பார்க்கும்படி ஒரு பந்து மல்லியை வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தால், வைத்துக்கொள்ள விருப்பம் இருப்பவருக்கும் கூச்சமாகிவிடும்.

நான் இந்த மாதிரிக் கேட்பவர்களுக்குச் சொல்வது மல்லிச் செடி. பெரிய தொட்டியில், ஏற்கெனவே பூத்து அடங்கிய குண்டுமல்லிச் செடியாகக் கொடுங்கள். காலையில் தண்ணீர் ஊற்றுவது, மொட்டு எண்ணுவது, சாயங்காலம் பறித்து சாமி படத்துக்கும் அப்பா படத்துக்கும் வைப்பது, பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைக்குத் தொடுத்துக் கொடுப்பது என்று வேலை இருக்கும். தலையில் வைப்பதும் வைக்காததும் அவர்கள் இஷ்டம். பூ மேல் ஆசை உள்ள மனுஷியின் கையில் பூவே படாமல் செய்வது ஊர் வழக்கமாக இருந்தாலும் எனக்குச் சம்மதமில்லை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

கேள்வி (ஓசூர்): நண்பன் கிராமத்தில் புது வீடு கட்டியிருக்கிறான். பால் காய்ப்புக்கு வீட்டுக்குள் வைக்கும் அழகுச் செடி அனுப்பலாம் என்று இருக்கிறேன். பீஸ் லில்லி, ஆந்தூரியம் சரியா?

பதில்: ஓசூர்க் குளிரில் அவை நன்றாக வரும். இங்கே கரிசல் காடு, போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. பீஸ் லில்லிக்கு ஒரு மாதத்திலேயே இலை நுனி கருகத் தொடங்கும். ஆந்தூரியத்துக்கு ஈரக்காற்று வேண்டும், நம் சித்திரை வெயிலில் அது எங்கே கிடைக்கும்? செடி பட்டுப்போனால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சங்கடம்.

கருவேப்பிலைக் கன்று கொடுங்கள். சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் அந்த வீட்டில் தினமும் பேர் சொல்லும் பரிசு அதுதான். முற்றத்தில் வெயில் படும் இடம் இருந்தால் காகிதப்பூ, உப்புத் தண்ணீருக்கும் தாங்கும். நந்தியாவட்டை, செம்பருத்தி இரண்டும் பூஜைக்கு ஆகும். வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும் என்றால் மணிபிளான்ட், இல்லையென்றால் ஸ்நேக் பிளான்ட்.

அரளியும் அடீனியமும் தண்ணீர் இல்லாத காய்ச்சலையும் நன்றாகத் தாங்கும், பூவும் அழகு. ஆனால் இரண்டின் பாலும் இலையும் விஷம். வீட்டில் தவழும் குழந்தையோ வெள்ளாடோ இருந்தால் கொடுக்கவே வேண்டாம். கிராமத்தில் ஆடு இல்லாத தெரு ஏது, அதனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பால் வடியும் செடி, முள் செடி வீட்டுக்குள் ஆகாது என்று நினைப்பவர்களும் உண்டு. புது வீட்டில் அந்தப் பேச்சு எதற்கு?

தொட்டியில் செம்மண், மணல், மக்கிய சாணி உரம் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கரிசலை அள்ளிப் போட்டால் தண்ணீர் கட்டி வேர் அழுகும்.

கேள்வி (சென்னை): இங்குள்ள நர்சரியில் வாங்கிக் கூரியரில் அனுப்பினால் செடி பிழைக்குமா?

பதில்: உள்ளூரில் கிடைக்காத ரகம் என்றால் மட்டும் அனுப்புங்கள். சின்னச் செடியாக, மண் தொட்டி இல்லாமல், தேங்காய் நார்க்கழிவில் வளர்ந்ததாக இருக்கட்டும். முந்தின நாளே தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள், கிளம்பும்போது ஊற்றினால் பெட்டி நைந்துவிடும். வேர்ப்பகுதியைக் கட்டி, அட்டைப் பெட்டியில் ஆடாமல் நிறுத்தி, பக்கங்களில் ஓட்டை போடுங்கள். திங்கட்கிழமை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஞாயிறு முழுக்க ஏதாவது குடோனில் கிடக்கும். சித்திரை, வைகாசியில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி (சிங்கப்பூர்): லீவுக்கு வரும்போது ஆர்கிட் செடி ஒன்றைப் பெட்டியில் கொண்டுவரலாமா?

பதில்: கூடாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி வெளிநாட்டுச் செடிக்கு அனுமதியும், அந்த நாட்டு நோயின்மைச் சான்றும் வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். பூச்சியும் நோயும் அப்படித்தான் ஊருக்குள் வருகிறது, அந்தச் சட்டம் நம் தோட்டக்காரர்களுக்காகத்தான். ஆர்கிட் இங்கேயே விற்கிறது.

கேள்வி (மும்பை): டெலிவரி போன இரண்டு தடவையும் வீட்டில் ஆள் இல்லை என்று திரும்பிவிட்டது. முகவரி சரியாகத்தான் கொடுத்தேன்.

பதில்: கதவு எண்ணை வைத்து எங்கள் பக்கம் வீடு கண்டுபிடிக்க முடியாது. 'மாரியம்மன் கோயில் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே, நீலக் கேட்டு' என்று சொல்லுங்கள். அப்பா பேரையும் சேர்த்துச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கு மேல் காட்டு வேலைக்கோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார்கள், அந்த நேரத்தில் அனுப்பினால் பூட்டுதான் இருக்கும். ஏழு மணிக்கு முன்னால், இல்லையென்றால் சாயங்காலம். பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றும் கொடுங்கள். இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று வீட்டில் சொல்லாமல் விட்டாலும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடமாவது சொல்லி வையுங்கள்.

கேள்வி (திருச்சி): போன வருஷம் அத்தைக்கு வாங்கிக் கொடுத்த மல்லிச் செடி காய்ந்த மாதிரி நிற்கிறதாம். தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

பதில்: போட வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பார்க்கட்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த நுனியெல்லாம் வெட்டிவிட்டு, மேல் மண்ணைக் கிளறி ஒரு கை மக்கிய உரம் போட்டு, மதிய வெயில் படாத இடத்துக்கு நகர்த்தி வைக்கட்டும். தொட்டி அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். முக்கால்வாசிச் செடி தண்ணீர் இல்லாமல் காய்வதில்லை, தினமும் ஊற்றியே அழுகுகிறது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றட்டும். துளிர் வந்ததும் வெயிலுக்குக் கொண்டுவரலாம், நிழலிலேயே வைத்தால் இலைதான் வரும், பூ வராது. கீறிப் பார்க்கும் இடமெல்லாம் பழுப்பாக இருந்தால் எனக்கு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.