வாசகர் கேள்வி: நிவாரணக் காசு யார் கையில்?

பதில் சொல்பவர்: நுவரெலியாப் பக்கத்தில் ஓய்வுபெற்ற கச்சேரி (மாவட்டச் செயலக) லிகிதர்

கேள்வி: டித்வா புயலில் எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்தது. பிரதேச சபை உறுப்பினர் பிரதேச செயலகத்துக்குப் போ என்கிறார். அங்கே, கொழும்பிலிருந்து காசு வரட்டும் என்கிறார்கள். மாகாண சபை எதற்கு இருக்கிறது? (பொகவந்தலாவை)

பதில்: உறுப்பினர் தட்டிக்கழிக்கவில்லை, அவர் கையில் காசு இல்லை. திறைசேரி, அமைச்சு, அப்புறம் மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கடைசியில் கிராம உத்தியோகத்தர். காசு இறங்கி வரும் வழி இதுதான். செயலகமும் கிராம உத்தியோகத்தரும் மத்திய அரசின் கீழ்தான்.

மாகாண சபைகளைக் கொண்டுவந்த, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் வெள்ள, வறட்சி நிவாரணம் ஒருங்கிய நிரல் என்ற அதிகாரப் பட்டியலில் இருக்கிறது. மத்திக்கும் மாகாணத்துக்கும் பொது என்று அர்த்தம். பொது என்றால், பணப்பெட்டி யாரிடமோ அவருடையது! சுனாமிக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டு அனர்த்த முகாமைத்துவச் சட்டம் ஜனாதிபதி தலைமையில் ஒரு தேசிய சபையை அமைத்தது. முதலமைச்சர்களுக்கும் அதில் இடம் உண்டு. முதலமைச்சர்தான் இல்லை. 2014 செப்டம்பரில் ஊவாவில் வாக்களித்த பிறகு எந்த மாகாணத்துக்கும் தேர்தல் நடக்கவில்லை. ஆளுநர்கள் நடத்துகிறார்கள், அவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி.

கேள்வி: அப்படியானால் எல்லாவற்றையும் மாகாணத்திடமே கொடுத்துவிடலாமே? (பசறை)

பதில்: கொடுத்த மறுநாளே லயத்துக்கு விடியும் என்று நான் நம்பவில்லை. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும்வரை, நாம் வாக்குப் போட்ட சபையே தோட்டக் குடியிருப்புக்குச் செலவழிக்கச் சட்டம் இடம் தரவில்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் சேத விவரப் படிவத்தில் ‘வீட்டு உரிமையாளர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. லயத்துப் படிவம் வந்தால் சிலர் அதில் கோடு போடுவார்கள், சிலர் தோட்டத்தின் பெயரை எழுதுவார்கள். கூரை பறிபோனது குடும்பத்துக்கு, பெயர் கம்பெனிக்கு. காணி அரசாங்கத்தினுடையது, கம்பெனி குத்தகைக்காரர். பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரியலாம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்தது. சொந்தமாக ஒரு பேர்ச் காணி இல்லாத சனம் எங்கே போகும்? 2014 அக்டோபர் 29 காலையில் மலை வந்துவிட்டது.

என்னைக் கேட்டால், முதல் வாரச் செலவுக்கு, அதாவது சோறு, தறப்பாள், பாதையில் மண் அள்ளும் பெக்கோ இயந்திர வாடகை ஆகியவற்றுக்கு, பிரதேச சபையின் கையிலேயே காசு இருக்க வேண்டும். வீடு கட்டும் பெரிய செலவை மத்திய அரசே சுமக்கட்டும். மலையகத்துச் சபைகளின் வருமானத்துக்கு அது தாங்காது. காணி உறுதியை மட்டும் முதலில் குடும்பத்தின் பெயருக்கு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நிவாரணப் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. என்ன செய்வது? (தலவாக்கலை)

பதில்: வாய்ப்பேச்சு வேண்டாம். பிரதேச செயலாளருக்குத் தமிழிலேயே எழுதி, படங்களோடு பதிவுத்தபாலில் போடுங்கள். மாவட்டச் செயலாளருக்கும் ஒரு பிரதி. பெயர் ஏன் விடுபட்டது என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தனியாகக் கேளுங்கள். தபால் பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.