இளமையை நான் வாழவே இல்லையே!

கேள்வி:

எனக்கு 47 வயது. அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், மகன் கல்லூரியில் படிக்கிறான், வீட்டில் பெரிதாகக் குறை ஒன்றும் இல்லை. அதனாலேயே இதை வெளியில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. போன மாதம் ஒரு மீட்டிங்கில் நாற்காலி பற்றவில்லை. புதிதாகச் சேர்ந்த பெண் சட்டென்று எழுந்து "ஆன்ட்டி, நீங்க உக்காருங்க" என்றாள். மரியாதைக்குத்தான் சொன்னாள், தெரியும். ஆனால் அன்றிலிருந்து கண்ணாடி முன் நின்றால் கழுத்துச் சுருக்கம்தான் முதலில் கண்ணில் படுகிறது, டை அடித்த சில நாட்களிலேயே வகிட்டில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது, மாத்திரை அட்டையைக் கை நீட்டிப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்து முழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் கிடையாது, போனில் பழைய போட்டோக்களைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். எவ்வளவு நன்றாக இருந்திருக்கிறேன்! அப்போது அது எனக்குத் தெரியவே இல்லை. 22 வயதில் வெளியூரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது, கல்யாணம் நிச்சயமாகிவிட்டதால் போகவில்லை. கணவரிடம் புலம்பினால் "வயசானா அப்படித்தான், எல்லாருக்கும் வர்றதுதானே" என்று முடித்துவிடுகிறார். இளமை போனதுகூடப் பரவாயில்லை, அதை நான் வாழவே இல்லையே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பதில்:

உங்கள் கணவர் சொல்வது உண்மைதான், ஆனால் அதில் ஆறுதல் இல்லை. எல்லார் வீட்டிலும்தான் சாவு விழுகிறது, அதற்காக அழுகிறவர்களை அழாதே என்கிறோமா?

முதலில் உடம்பைப் பார்த்துவிடுவோம். மூன்று மணி முழிப்பும் வேர்வையும் மனசு சம்பந்தப்பட்டது மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிலக்கு நிற்கிறது, அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கத் தொடங்கிவிடும். தூக்கம் கலைவது, சின்ன விஷயத்துக்கும் தொண்டை அடைப்பது எல்லாம் அதனால் வரலாம், தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட இதே மாதிரி ஆளைச் சோர்த்துப் போடும். மகளிர் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள், இதற்கெல்லாம் சிகிச்சை இருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. (மாத்திரை அட்டை விஷயம் சாதாரண வெள்ளெழுத்தாகத்தான் இருக்கும், 40 வயதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் விறைத்துப்போவதால் வருவது. கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.) அதுவரை, அந்த மூன்று மணிக்கு உங்கள் வாழ்க்கையைப் பற்றி நீங்கள் எழுதும் தீர்ப்பு எதையும் நம்பாதீர்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள்.

இப்போது அந்தப் போட்டோக்கள். அவற்றில் இருக்கிற பெண் அழகாக இருந்தாள், அது அவளுக்கே தெரியாது என்கிறீர்கள். அவள் அப்போது தன்னிடம் என்ன குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள் என்று யோசித்துப் பாருங்கள், ஏதாவது நிச்சயம் இருந்திருக்கும். குறை தேடும் அந்தக் கண்தான் இன்றைக்கு உங்கள் கழுத்தைப் பார்க்கிறது. கண்ணாடி முன் நிற்பவள் மாறியிருக்கிறாள், கண் மாறவில்லை. 60 வயதில் இன்றைய போட்டோவைப் பார்த்தும் இதையேதான் சொல்வீர்கள் என்பது என் சந்தேகம்.

ஆனால் உங்கள் கடிதத்தின் கனம் முகத்தில் இல்லை, கடைசி வரியில் இருக்கிறது. இங்கே இரண்டு துக்கங்கள் கலந்து கிடக்கின்றன. தோலும் முடியும் மாறுவது ஒன்று. அதற்கு டை, உடற்பயிற்சி, நல்ல தூக்கம் என்று முடிந்ததைச் செய்யலாம், செய்யாமலும் விடலாம். எடுக்காமல் விட்ட வாழ்க்கை இன்னொன்று, அதை எந்த டையும் மறைக்காது. 22 வயதில் கிடைத்த அந்த இடம் போனது போனதுதான். இப்போது சேர்ந்து படித்தாலும் அது வேறு படிப்பு, போகிறவளும் வேறு ஆள். "எதற்கும் வயது தடையில்லை" என்று சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. அதற்காக அழ வேண்டுமென்றால் அழுங்கள், இத்தனை வருடங்களில் யாருமே உங்களை அதற்கு விடவில்லை என்று நினைக்கிறேன்.

அழுத பிறகு ஒன்றை யோசியுங்கள். அந்தப் படிப்பில் உங்களுக்கு உண்மையில் வேண்டியிருந்தது எது? பட்டமா, தனியாக ஓர் ஊரில் இருப்பதா, உங்கள் முடிவை நீங்களே எடுப்பதா? பட்டம் என்றால் ஒரு வழி, தனிமை என்றால் வேறு வழி. லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் இதைப் பற்றி நிறைய ஆராய்ந்திருக்கிறார். நேரம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் எல்லாவற்றுக்கும் ஆசைப்படுவதை விட்டுத் தங்களுக்கு முக்கியமானதைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குகிறார்கள் என்பது அவர் கோட்பாடு. உங்கள் தவிப்பிலும் அந்தத் தேர்வு தொடங்கிவிட்டது என்றுதான் படுகிறது.

கணவரிடம் அடுத்த முறை பேசும்போது, "பதில் சொல்ல வேண்டாம், கொஞ்ச நேரம் கேளுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், பலருக்குக் கேட்பது என்றாலே தீர்வு சொல்வதுதான். அலுவலகப் பெண்ணிடம் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லலாம், தப்பே இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலோ, இருந்து என்ன பயன் என்று தோன்றினாலோ, மகளிர் மருத்துவரோடு நிற்காமல் மனநல மருத்துவரையும் உடனே பாருங்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள், அந்தப் படிப்பு என்ன படிப்பு என்பதையும் சேர்த்து.