ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சென்சாரை மாற்றிவிடலாமா?

மழைக்காலம் முடிந்ததும் ஏபிஎஸ் (ஓங்கிப் பிரேக் மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) பற்றிய கேள்விகள் வரிசையாக வரும். இந்த முறை, ஒவ்வொரு சக்கரமும் சுற்றும் வேகத்தை ஏபிஎஸ்ஸுக்குச் சொல்லும் சக்கர வேக சென்சார் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கேனரில் ‘முன் இடது சக்கர சென்சார்’ என்று வந்ததால் புதுசு போட்டோம். இரண்டு நாளில் ஏபிஎஸ் விளக்கு மறுபடி எரிகிறது. புது சென்சாரும் போய்விட்டதா? (தூத்துக்குடி)

போயிருக்க வாய்ப்பு குறைவு. அந்தச் சக்கரத்திலிருந்து சரியான சிக்னல் வரவில்லை என்பதை மட்டும்தான் ஸ்கேனர் சொல்கிறது. சென்சார், வயர், கனெக்டர், சக்கரத்தோடு சுற்றும், சென்சார் படிக்கிற பல் வளையம், பேரிங் என எதில் கோளாறு வந்தாலும் அதே கோட் (ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீடு) வரலாம். கோட்டைப் பார்த்ததும் சென்சாரை வாங்குவதுதான் வீண் செலவின் தொடக்கம்.

உங்கள் விஷயத்தில் ஒரு தடயம் இருக்கிறது. சென்சாரோடு அதன் வயரும் பெரும்பாலும் புதிதாகவே வரும். ஸ்டீயரிங் திரும்பும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் மடங்கி நிமிர்கிற பகுதி அதுதான்; வழக்கமாக உள்ளே செம்பு இழை அறுவதும் அங்கேதான். அது மாறியும் கோளாறு திரும்பி வந்திருப்பதால் கனெக்டரையும் அதற்கு அப்பால் போகிற பழைய வயரையும் பாருங்கள். கடற்கரை ஊரில் கனெக்டர் பின்களில் பச்சைக் களிம்பு ஏறுவது சகஜம். பிரித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ரப்பர் சீல் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று முறை சென்சார் மாற்றிய பிறகு என்னிடம் வந்த ஒரு காரில், கனெக்டருக்குள் ஒரு பின் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அதைச் சரியாகப் பொருத்தியதோடு வேலை முடிந்தது. அந்தக் குடும்பம் செய்த செலவை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது.

வயரையும் முழு நீளத்துக்குப் பார்த்துவிடுங்கள். எலி கடித்திருந்தாலும் இதே கதைதான்.

கழற்றிய சென்சாரை மல்டிமீட்டரில் வைத்தால் ஓம் அளவே காட்டவில்லை. செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா? (திருச்சி)

வேண்டாம், முதலில் எந்த வகை என்று தெரிய வேண்டும். பழைய வகையில் காந்தமும் கம்பிச் சுருளும் மட்டுமே. அதில் பெரும்பாலும் 800 முதல் 2,000 ஓம் வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்துவிட்டது. சக்கரத்தைத் தூக்கி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துக் கையால் சுற்றினால் சிறிய மின்னழுத்தம் வரும், வேகம் கூடக்கூட அதுவும் கூடும்.

இப்போதைய கார்களில் பெரும்பாலும் இருப்பது வேறு வகை. உள்ளே சிப் இருக்கிறது; ஏபிஎஸ்ஸை இயக்கும் கணினிப் பெட்டியான ஏபிஎஸ் யூனிட் அனுப்பும் மின்சாரத்தில்தான் அது வேலை செய்யும். வளையம் சுற்றும்போது 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் இடையே மாறி மாறிப் பேசும். இதை ஓம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, சிப்புக்கே கெடுதல் வரலாம். அதற்குப் பதில் சாவியை ஆன் செய்து, கார் பக்கக் கனெக்டரில் சப்ளை வருகிறதா என்று பாருங்கள். பல கார்களில் பேட்டரி அளவுக்கு நெருக்கமாக இருக்கும். அது வராவிட்டால் குறை வயரிலோ யூனிட்டிலோதான்.

சப்ளை இருந்தால் சென்சாரை மாட்டி, ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, ஒருவர் காலியான சாலையில் நேராக 20 கி.மீ. வேகத்தில் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் நான்கு சக்கர வேகத்தையும் கவனிக்கட்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்தில் நின்றாலோ எகிறிக் குதித்தாலோ தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

விளக்கு எதுவும் எரியவில்லை. ஆனால் சிக்னலில் நிற்கப்போகும்போது, நடை வேகத்தில், பெடல் காலுக்கடியில் டக்டக்கென்று அதிர்கிறது. (கோயம்புத்தூர்)

இதைத் தள்ளிப்போடாதீர்கள். டிரைவ் ஷாஃப்ட்டில் (இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டு) மாட்டிய பல் வளையம் இருக்கிற காரென்றால் முதலில் அதைத்தான் பார்ப்பேன். வளையத்துக்கு அடியில் துரு பருத்து அது விரிசல் விட்டிருக்கும். விரிசல் இருக்கும் இடத்தில் இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி கூடிவிடுவதால், சக்கரம் திடீரென்று வேகம் குறைந்து பூட்டிக்கொள்ளப் போகிறது என்று ஏபிஎஸ் யூனிட் நினைத்துக்கொள்கிறது. உடனே அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தைத் தளர்த்துகிறது. சென்சார் சிக்னல் முழுசாக நிற்காததால் ஏபிஎஸ் விளக்கு எரிவதில்லை. முன்னால் இருக்கிற வண்டிக்கு இரண்டடி தூரத்தில் பிரேக் தளர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டு அதே வேகத்தில் மெதுவாக நிறுத்திப் பார்க்கலாம். அதிர்வு போய்விட்டால் சந்தேகம் உறுதி. ஃபியூஸைத் திரும்ப மாட்டிவிடுங்கள். பல கார்களுக்கு வளையம் தனியாகவே கிடைக்கிறது. முழு ஷாஃப்ட்டையும் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

பின் சக்கரப் பேரிங் மாற்றியதிலிருந்து ஏபிஎஸ் விளக்கு அணையவே இல்லை. (சேலம்)

பேரிங்கைத் திருப்பிப் போட்டிருக்கலாம். பல புதிய பேரிங்குகளில் பல் வளையத்துக்குப் பதிலாக, ஒரு பக்கத்துச் சீலிலேயே காந்த வளையம் இருக்கும். பார்வைக்குச் சாதாரண ரப்பர் சீல்தான். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். மாட்டும் முன் ஒரு சிறிய பேப்பர் கிளிப்பை அருகில் கொண்டுபோனால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துவிடும். காந்தத் தட்டில் அந்தப் பேரிங்கை வைக்கவே கூடாது.

இணையத்தில் வாங்கிய சின்ன ஸ்கேனர் ‘கோளாறு இல்லை’ என்கிறதே? (வேலூர்)

மலிவான ஸ்கேனர்கள் பலவும் இன்ஜின் கோட் மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் படிக்கும் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போங்கள்.

விளக்கு எரியும்போது ஓட்டலாமா? (மதுரை)

மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் என்றால் சாதாரண பிரேக் வேலை செய்யும். நிதானமாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். ஈரச் சாலையில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அதை மனதில் வைத்து இடைவெளி விடுங்கள். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டாதீர்கள். பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக்கைப் பிரித்துக் கொடுக்கும் இபிடியும் நின்றிருக்கலாம்.

போல்ட் வந்துவிட்டது, ஆனால் சென்சார் துருவில் சிக்கி வர மறுக்கிறது. (நாகர்கோவில்)

நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து, ஒரு இரவு விட்டு, மறுநாள் இடம் வலமாக மெல்லத் திருகித் திருகி எடுங்கள். வெளியே வந்ததும் அந்தத் துளையையும் சென்சார் உட்காரும் பரப்பையும் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள். அங்கே துரு பருத்திருந்தால் சென்சார் வளையத்திலிருந்து விலகிப்போகும், அந்த ஒரு மில்லிமீட்டரே சிக்னலைக் கெடுக்கப் போதும். தேய்த்த தூள் காந்த வளையத்தில் ஒட்டாமல் துடைத்துவிட்டு மாட்டுங்கள். கோட்டை அழித்த பிறகும் சில கார்களில் சிறிது தூரம் ஓடினால்தான் விளக்கு அணையும், பதற வேண்டாம்.